பாப்பாவின் மலச்சிக்கலுக்கு வாங்கிய ஏழு சாமான்களும், அதில் வேலை செய்த மூன்றும்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூலையிலிருந்து இந்தப் பொங்கல் வரை எங்கள் பாப்பாவின் மலச்சிக்கலுக்காக வாங்கியவை இவை: குழந்தைகள் வெளிக்குப் போக உட்காருகிற, வாத்து உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டி சேர், வெஸ்டர்ன் டாய்லெட் மேல் வைக்கிற குஷன் சீட், மூலத்துக்குப் போடுகிற களிம்பு ஒன்று, ஒரு சிரப், ஒரு பொடி, தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்த மரப்பலகை, அப்புறம் அந்தியூர்த் தேரில் வாங்கிய 10 ரூபாய் ஊதல். கொடுத்த காசுக்கு வேலை செய்தது பொடியும் பலகையும் ஊதலும்தான். வாத்து இப்போது அட்டாரியில் உட்கார்ந்திருக்கிறது. இதே அவஸ்தையில் இருக்கிற யாராவது என்னை மாதிரி காசை விடாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஈரோடு மாவட்டத்துக் கோபி பக்கம். பாப்பாவுக்கு மூன்றே முக்கால் வயது. ஜூனில் பிளே ஸ்கூலில் சேர்த்தோம். அதுவரை வீட்டுப் பொடக்காலியில் இருக்கிற இந்தியன் டாய்லெட்டில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்துப் போய்க்கொண்டிருந்தவள். பள்ளியில் வெஸ்டர்ன் என்றார்கள், சரி பழகட்டும் என்று வீட்டிலும் மாடி பாத்ரூமுக்கு மாற்றினோம். எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையில் இந்த வேலையெல்லாம் என் பொறுப்பு. பள்ளியில் மிஸ்ஸிடம் கேட்க வெட்கப்பட்டு இவள் அடக்க ஆரம்பித்திருக்கிறாள், நாங்கள் கவனிக்கவில்லை. தினமும் போனவள் இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை என்று ஆனாள், ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது நாள். வீறிட்டுக் கத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள். வந்தது என் கட்டைவிரலைவிட மொத்தம், அதன் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு, கழுவிவிட்ட என் விரலில் இரண்டு சொட்டு ரத்தம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டம்மா மட்டும் நிதானமாக, நேற்று பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாளா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான், பீட்ரூட்டும் உள்ளே சதை சிவப்பாக இருக்கிற டிராகன் பழமும் கலர் போட்ட கேக்கும் மலத்தைச் சிவப்பாக்கும். ஆனால் முந்தின நாள் பீட்ரூட் இல்லை. எங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சூடுங்கண்ணு, வேறொண்ணுமில்லை, வெத்தலைக் காம்பை வெளக்கெண்ணெயில தொட்டு வெச்சா இளகிரும்" என்றார். வைத்தோம். அன்றைக்கு வந்தது என்னவோ உண்மை. ஆனால் அடுத்த பத்து நாள் ஜட்டியைக் கழற்ற யாரையும் பக்கத்தில் விடவில்லை. வலிக்கிற இடத்தில் இன்னொன்றைச் செருகினால் பிள்ளை என்ன நினைக்கும்?

உள்ளூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். சேரில் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் சீட்டு கைக்கு வந்துவிட்டது. பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஐந்து நாளைக்குச் சிரப், நிறையத் தண்ணீர், கீரை, அவ்வளவுதான். வழியில் மருந்துக்கடையில் ரத்தம் என்று சொன்னதும் பெரியவர்கள் மூலத்துக்குப் போடுகிற களிம்பை அவர்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அந்தக் களிம்பு முதல் தண்டச் செலவு. அதில் மரத்துப் போகிற மருந்தும் ஸ்டீராய்டும் இருந்தன, இந்த வயசுக் குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டு தடவை போட்டோம், எரியுது என்று அழுதாள், நிறுத்திவிட்டோம்.

சிரப் லாக்டுலோஸ். தேன் மாதிரி கெட்டி, வாயில் ஒட்டுகிற இனிப்பு, அதனால் குடிக்க அடம் பிடிக்கவில்லை, அது ஒரு நல்ல விஷயம். வயிறு உப்பிக் காற்று பிரிந்துகொண்டே இருந்தது, அது அந்த மருந்தின் குணமாம். நான்காம் நாள் இளகலாகப் போனாள். ஐந்தாம் நாள் பாட்டிலை மூடி வைத்தோம். பதினைந்தாம் நாள் மறுபடியும் கட்டை, மறுபடியும் ரத்தக்கோடு. மருந்தின் மேல் குற்றம் இல்லை, ஐந்து நாளில் முடிகிற சமாச்சாரம் என்று நினைத்ததுதான் கோளாறு.

இதற்கு நடுவில்தான் ஆன்லைனில் வாத்து வந்தது. கொரியர்காரர் வாசலில் நின்று "பேபி பாட்டி வந்திருக்குதுங்" என்று கூப்பிட, எங்கம்மா "பாட்டிக்கு எதுக்கு சாமி பார்சலு" என்று வெளியே வந்தது தனிக் கதை. 849 ரூபாய். உட்கார்ந்தால் பாட்டுப் பாடும். பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் டி.வி. பார்க்க, பொம்மைக்குச் சோறு ஊட்ட எல்லாவற்றுக்கும் அதில்தான் உட்கார்ந்தாள், வெளிக்குப் போக மட்டும் இல்லை. கொஞ்சம் சாய்ந்தால் பின்பக்கம் தூக்கிவிடும் அளவுக்கு அடி குறுகல் வேறு. ஒன்றரை வயதுக்கு முதன்முதலில் பழக்குகிறவர்களுக்குத் தரையில் கால் பதிகிற உயரம் என்பதால் பரவாயில்லை எனலாம். ஏற்கனவே பயந்துபோன பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுச் சாமான். பாட்டரி தீர்ந்த அன்று நிம்மதியாக இருந்தது.

குஷன் சீட் 399 ரூபாய், இரண்டு பக்கமும் கைப்பிடி, பார்க்க அழகு. இதைப் பற்றி எனக்கு ஆத்தாமையே உண்டு. விமர்சனம் எழுதியிருந்த நூறு பேரும் குஷன் மெத்தென்று இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், கால் எங்கே இருக்கும் என்று ஒருத்தரும் எழுதவில்லை. உங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒருமுறை முக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். உந்துவதற்குக் கீழே எதுவும் இல்லை. கால் ஊன்றாமல், முட்டி தாழ்ந்து தொங்கினால் ஆசனவாய்க்கு மேலே இருக்கிற குடல் மடங்கியே நிற்கும், சதை தளராது. குத்த வைக்கும்போது அது நேராகும். நம் பாட்டன் காலத்திலிருந்து குத்த வைத்தே பழகிய பிள்ளையை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டாம் மாதம் குஷன் தையல் விட்டு உள்ளே ஈரம் ஏறி நாற்றம் வேறு.

ஆகஸ்ட் கடைசியில் நிலைமை கைமீறியது. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நுனிக்காலில் நிற்பாள், முட்டி இரண்டையும் ஒட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து. நாங்கள் பாவம் முக்குகிறாள் என்று "முக்கு சாமி, முக்கு" என்று உற்சாகப்படுத்துவோம். அப்புறம் ஜட்டியில் அடிக்கடி தண்ணியாகக் கறை. பேதி என்று முடிவு கட்டி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மறுபடி ஆரம்பித்திருந்த சிரப்பையும் நிறுத்தினோம். இந்த ஆறு மாதத்தில் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஒரு சொந்தக்காரர் சொல்லி ஈரோட்டில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். டோக்கன் போட்டும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கு ஒரு ஸ்டார் குறைத்துக்கொள்ளலாம். மற்றபடி 400 ரூபாய் பீஸுக்கு இவ்வளவு பேசுகிற டாக்டரை நான் பார்த்ததில்லை. முதலில் எங்களிடம் கேள்வி: பிறந்து முதல் இரண்டு நாளுக்குள் கரும்பச்சை மலம் போனாளா, எடை ஏறுகிறதா, வாந்தி உண்டா, நடையில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இடது பக்கம் அடிவயிற்றில் வைத்தார். கல்லு கல்லாகத் தட்டுப்பட்டது. பிறகு பாப்பாவை அவள் அம்மா மடியிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரல் எதுவும் உள்ளே விடாமல் வெளியில் மட்டும் விரித்துப் பார்த்தார். பின்பக்கம் நடுவில் பிளேடு கீறின மாதிரி ஒரு சின்ன வெடிப்பு. பித்த வெடிப்பு மாதிரிதான், இடம்தான் வேறு. அங்கிருந்துதான் ரத்தம்.

"அப்பா, இவ முக்கலை. அடக்கறா" என்றார். அந்த ஒரு வரிக்கே 400 ரூபாய் தகும். அப்புறம் சீட்டின் பின்பக்கம் ஒரு பை வரைந்தார். மலம் வந்து சேர்கிற கடைசிப் பை நிறைந்தால் மூளைக்கு மணி அடிக்கும். நாள்கணக்கில் அடக்கினால் பை விரிந்து தொளதொளத்துப் போய் மணியே அடிக்காது. உள்ளே கட்டி நிற்க, மேலிருந்து வருகிற இளகல் அதைச் சுற்றி வழிந்து ஜட்டியில் ஒழுகும், அதைத்தான் நாங்கள் பேதி என்றிருக்கிறோம். போனால் வலிக்கும் என்று அடக்குகிறாள், அடக்குவதால் கெட்டியாகி இன்னும் வலிக்கிறது, வெடிப்பு ஆறுவதற்குள் அடுத்த கட்டை வந்து கிழிக்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டுமென்றால் மாசக்கணக்கில் வலியே இல்லாமல் போக வைக்க வேண்டும் என்றார்.

அவர் அறைச் சுவரில் மலத்தின் வகைகளை ஏழு படமாகப் போட்ட அட்டை ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரியில் உருவாகி 1997இல் வெளியானது, பெயரே பிரிஸ்டல் அட்டை. முதல் படத்தைப் பார்த்ததும் எங்கம்மா சத்தமாகவே "இது நம்ம பட்டியில கெடக்கற ஆட்டாம்புழுக்கையல்லோ" என்றுவிட்டார். டாக்டரும் சிரித்து, ஒன்று புழுக்கை, நாலு நல்லாப் பழுத்த பூவன்பழம், நாம் நாலில் நிற்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் "இன்னிக்கு என்ன நம்பர்?" என்பதுதான் முதல் பேச்சு. ஊரிலிருந்து அப்பிச்சி போன் போட்டாலும் அதைத்தான் கேட்கிறார்.

பொடிக்கு வருகிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால், மக்ரோகால் என்றும் சொல்வார்கள். உடம்பில் சேராமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். குடலை முறுக்கித் தள்ளுகிற மருந்து இல்லை, அதனால் வயிற்று வலி குறைவு, பழகிப்போய்விடும் என்ற பயமும் வேண்டாம் என்றார். 2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலிலும் இதற்குத்தான் முதலிடம், லாக்டுலோஸ் இது கிடைக்காத இடத்தில். அளவு எடையை வைத்து டாக்டர் சொல்ல வேண்டியது, எங்கள் கணக்கை எழுதினால் யாராவது அப்படியே கொடுத்துவிடுவீர்கள், எழுதவில்லை. முதல் சில நாள் அளவு அதிகம், உள்ளே கட்டி நிற்பதை வெளியேற்ற. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தோம், ஞாயிறு மதியம் கொடிவேரி அணையில் மதகைத் திறந்த மாதிரிதான். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, மாற்றுத் துணி பத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், விசேஷ வீட்டுக்குக் கிளம்புகிற வாரத்தில் வேண்டாம்.

சுவை பற்றி: முதலில் வாங்கியது உப்புச் சத்து சேர்த்த ஆரஞ்சு வாசனைப் பொடி. நான் குடித்துப் பார்த்தேன், கடல் தண்ணியில் மிட்டாய் கரைத்த மாதிரி இருந்தது, பாப்பா முதல் மடக்கிலேயே என் சட்டை மேல் துப்பிவிட்டாள். டாக்டரிடம் கேட்டு வாசனை சேர்க்காத, உப்பு இல்லாததற்கு மாறினோம். தண்ணீரில் நன்றாகக் கலக்கினால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இளநீரில், சாறில் எதில் வேண்டுமானாலும் கலந்து கொடுக்கலாம். சுற்றுப்பட்டு மருந்துக்கடைகளில் எல்லா நேரமும் இருப்பதில்லை, சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், குறை என்றால் அது ஒன்றுதான். குறைந்தது இரண்டு மாதம், தொந்தரவு எதுவும் இல்லாமல் ஒரு மாதம் ஓடிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், நீங்களாக வெடுக்கென்று நிறுத்தக்கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். நாங்கள் ஐந்தாவது மாதத்தில் பாதி அளவுக்கு வந்திருக்கிறோம்.

வெடிப்புக்கு மருந்தே எழுதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை அன்னக்கூடையில் ஊற்றி அதில் பத்து நிமிஷம் உட்கார வைப்பது, துடைத்துவிட்டு வாசலின் தடவுவது, அவ்வளவுதான். அன்னக்கூடையில் இரண்டு பிளாஸ்டிக் மீன் போட்டுவிட்டால் இருபது நிமிஷம் ஆனாலும் எழமாட்டாள். மலம் இளகின பிறகு இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். ரத்தம் மேலே கோடாக இல்லாமல் மலத்தோடு கலந்து வந்தால், கட்டி கட்டியாகவோ நிறையவோ வந்தால், மலம் தார் மாதிரி கறுத்தால், வயிறு வீங்கினால், பச்சையாக வாந்தி எடுத்தால், காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தால் உடனே வர வேண்டும். இளகலாகப் போய், வலியும் இல்லாமல், ஆனால் ரத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தால் உள்ளே பாலிப் என்கிற சதை வளர்ச்சி மாதிரி ஏதாவது இருக்கலாம், அதைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, ஜெல்லி மாதிரி ரத்தம் போனால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், குடல் குடலுக்குள் செருகிக்கொள்கிற அவசரம் அது. அந்தச் சீட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

இனி பலகை. டாக்டர் சொன்னது, முட்டி இடுப்பைவிட மேலே இருக்க வேண்டும், பாதம் முழுதாகப் பதிய வேண்டும். வீட்டு வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த செங்கல்லைத் துண்டில் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தோம், மூன்றாவது கல்லில் சரியாக வந்தது, 9 அங்குலம். அந்த அளவைக் கொண்டுபோய் சத்தி ரோட்டில் ஒரு தச்சுப் பட்டறையில் கொடுத்தேன். 16 நீளம், 10 அகலம். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு "சாமி படம் வைக்கறதுக்குங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கம்மென்று இருந்துவிட்டு, அப்படியானால் பலகையின் கால் நுனிகளை வெளியே சாய்த்து வைக்கிறேன், பிள்ளை எழும்போது கவிழாது என்று அவராகவே ரோசனை சொன்னார். வேப்பமரம், நான்கு காலுக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்துக் கொடுத்தார், ஈரத் தரையிலும் நகர்வதில்லை. 450 ரூபாய். குஷன் சீட்டில் கிழிந்த மெத்தையைப் பிய்த்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் வளையத்தை மட்டும் வைத்து, கீழே இந்தப் பலகை. முதல் நாள் பாதத்தைப் பதித்ததும் தானாக முன்னால் சாய்ந்து முட்டியில் கையை ஊன்றிக்கொண்டாள். ஒரே குறை, வார்னிஷ் அடிக்காமல் வாங்கிவிட்டேன், மழை மாதத்தில் கால் ஒன்று ஊறி உப்பிக்கொண்டது. நீங்கள் வாங்கினால் மூன்று கோட்டு அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட் இருந்து பிள்ளைக்கு அது பழக்கமாகவும் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், எங்களை மாதிரி அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

ஊதல் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேருக்குப் போனபோது வாங்கியது. குதிரை பார்க்கப் போய் குதிரையைவிட ஊதல்தான் பிடித்துவிட்டது, ஊதினால் காகிதச் சுருள் நீண்டு பீப்பீ என்று மடங்கும். காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் திட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா உட்காருவாளா? ஊதலைக் கொடுத்தோம். ஊத ஊத வயிறு இறுகி உந்துகிறது, வாய் வேலையாக இருப்பதால் கீழே அடக்க மறந்துவிடுகிறாள். மறுமுறை போனபோது டாக்டரிடம் சொன்னேன், சில இடங்களில் சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்வார்களாம், இதுவும் அதே கணக்குதான் என்றார். இதற்காக எல்லாரும் அரை மணி முன்னால் எழுகிறோம். பள்ளியிலும் பேசினோம், ஆயா இப்போது அவரே கூப்பிட்டுக் கேட்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கணக்குப் போட்டதில் பாப்பா ஒரு நாளைக்கு 700 மில்லி பால் குடித்துக்கொண்டிருந்தாள், வீட்டு மாடு, கேட்கவா வேண்டும். அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார், எங்கம்மாவுக்கு இன்னும் அதில் வருத்தம்தான். வயிறு பாலில் நிறைந்தால் சோறு இறங்காது. சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன், வர்க்கி, பப்ஸ் என்று மைதாவாக உள்ளே போனதும் குறைந்திருக்கிறது. அதற்குப் பதில் கொய்யா, பப்பாளி, நன்றாகப் பழுத்த பழம், கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றி, பச்சைப்பயிறு கடைசல், எல்லாம் நம் வீட்டில் இருக்கிறதுதான். ஆனால் கீரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நாங்கள் ஒரு மாதம் நம்பினோம். உள்ளே அடைத்து நிற்கும்போது மேலே நார்ச்சத்தைப் போட்டால் கட்டிதான் பெரிதாகும்.

இன்று காலை நம்பர் நாலு. பாப்பாவே கத்தி அறிவித்தாள், எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து "சூப்பரு அம்மிணி" என்றார். ஊதல்தான் போன வாரம் எச்சில் ஊறிப் பிய்ந்துவிட்டது, பலூன் கொடுத்துப் பார்த்தோம், வேண்டாமாம். அடுத்த தேருக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் கோபியில் எந்தக் கடையிலாவது கிடைத்தால் சொல்லுங்கள், அஞ்சாறாக வாங்கி வைத்துவிடுகிறேன்.